பாய்க்கு அடியில் கட்டுவிரியன், வரப்பில் கரண்ட் கம்பி: ஒரு வாசகிக்கு டாக்டரின் பதில்

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன். ஓட்டு வீடு. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். கொல்லையில் மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், அதைத் தாண்டி வாய்க்கால், அப்புறம் வயல். ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் நின்ற ஒரு வாரத்தில், காலையில் பாயைச் சுருட்டிய மகள் அதன் அடியில் கட்டுவிரியன் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். கணவர் அடித்துப் போட்டுவிட்டார். அன்று முதல் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

அவர் கேட்டிருப்பவை இவை. வீட்டைச் சுற்றி எதைத் தெளித்தால் பாம்பு வராது? எலி இருப்பதால்தான் பாம்பு வருகிறது, வரப்பில் கரண்ட் கம்பி இழுத்தால் எலி ஒழியும் என்கிறார் கணவர். பக்கத்து வயல்காரரும் அப்படித்தான் செய்கிறாராம். செய்யலாமா? வாய்க்கால் கரைப் பனைமரத்தில் கதண்டு என்கிற பெரிய குளவி கூடு கட்டியிருக்கிறது. தெருப் பையன்கள் பந்தம் கொளுத்திக் கலைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். விடலாமா? கடைசியாக, இரண்டு வருஷத்துக்கு முன் புல் அறுக்கும்போது மாமியாரைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விஷக்கடி வைத்தியரிடம் மந்திரித்துப் பச்சிலை வாங்கிச் சாப்பிட்டே பிழைத்துக்கொண்டார். இனியும் அங்கேதான் போகவேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். அவர் சொல்வது சரியா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் போகிற போக்கில், "நாங்கள் எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துத்தான் படுப்போம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் முதலில் மாறவேண்டியது அதுதான்.

தரையில் படுப்பது ஏன் ஆபத்து

டெல்டாவில் உயிரை எடுக்கும் பாம்புகளில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் பெரும்பாலும் நாம் வயலிலும் கொல்லையிலும் நடமாடும்போது கடிப்பவை. மிதித்தோம், கை வைத்தோம், கடித்தது என்று தெரிந்துவிடும். கட்டுவிரியன் அப்படி இல்லை. இரவில் மட்டும் நடமாடும். எலியையும் பல்லியையும் மற்ற சின்னப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள்ளேயே வரும். தரையில் படுத்திருப்பவர் புரண்டு அதன் மேல் கையையோ காலையோ போட்டால் கடித்துவிடும். அதன் பல் மிகச் சிறியது. வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது. பல சமயம் கடித்த தடமே கண்ணில் படாது. எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார்கள்.

இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வயிற்றைப் பிசையும், வாந்தி வரும், தொண்டை அடைக்கும். வீட்டில் என்ன செய்வார்கள்? கேஸ் என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். விடியும்போது கண் இமை சொருகும், பேச்சு குழறும், பிறகு மூச்சு விடும் தசைகள் வேலை செய்யாமல் போகும். அதனால் இதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: ராத்திரி தரையில் படுத்த ஒருவருக்குக் காரணம் தெரியாமல் விடிகாலையில் வயிற்று வலி, கூடவே இமை தூக்க முடியவில்லை என்றால், பாம்பைப் பார்க்கவில்லை, பல் தடம் இல்லை என்றாலும் அது கட்டுவிரியன் கடிதான் என்று எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும். இன்னொன்று. இந்த விஷத்தில் ஆள் அசைவில்லாமல், கண் திறக்காமல் கிடப்பார். ஆனால் உள்ளே நினைவு இருக்கும், நாம் பேசுவது காதில் விழும். போய்விட்டார் என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடக் கூடாது. வென்டிலேட்டரில் சில நாள் வைத்துக் காப்பாற்றினால் எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறார்கள்.

ஆகவே கட்டில். பழைய கயிற்றுக் கட்டில் போதும், சுவரை ஒட்டாமல் போடுங்கள், போர்வை தரையில் தொங்க வேண்டாம். எல்லோருக்கும் கட்டில் வாங்க இப்போது முடியாது என்றால், கொசுவலை கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் சொருகிவிட்டுப் படுங்கள். கொசுவுக்குப் போடும் வலைதான், ஆனால் பாம்புக்கும் அது நல்ல தடுப்பு. மாமியார் காற்றுக்காகத் திண்ணையில் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத்தான் முதல் கட்டில்.

தெளிக்க மருந்து இல்லை

பூண்டுத் தண்ணீர், பெருங்காயம், பினாயில், மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர், வாசலில் கட்டும் ஆகாச கருடன் கிழங்கு, வேலி ஓரத்துச் சிறியாநங்கை என்று நீங்கள் செய்து பார்த்த பட்டியல் நீளமானது. இவற்றில் எதையும் நம்பிக் கதவைத் திறந்து போட்டுப் படுக்க முடியாது. கார்பாலிக் ஆசிட் தெளிக்கச் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். தோலில் பட்டால் வெந்துவிடும், குழந்தைகள் இருக்கும் வீடு.

பாம்பு உங்கள் வீட்டுக்கு வர இரண்டு காரணங்கள் இருக்கின்றன: உணவு, உலர்ந்த இடம். ஐப்பசி கார்த்திகையில் வயலில் தண்ணீர் நின்றால் வளை எல்லாம் மூழ்கிவிடும். அந்த வட்டாரத்தில் மேடாக இருப்பது உங்கள் வீட்டு மனையும் வைக்கோல் போரும்தான். எலியும் அங்கே ஏறும், பின்னாலேயே பாம்பும் ஏறும். அறுவடை முடிந்து வயல் காலியானாலும் எலி வீட்டைத் தேடி வரும்.

எனவே போரை வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். விறகு, வறட்டி, தென்னை மட்டை எல்லாவற்றையும் தரையில் குவிக்காமல் கல் வைத்து உயர்த்தி அடுக்குங்கள்; எடுக்கும்போது முதலில் குச்சியால் தட்டிவிட்டுக் கையை விடுங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கு வலைக் கம்பி வையுங்கள். கதவுக்கு அடியில் கட்டைவிரல் நுழையும் சந்து இருந்தால் எலிக்கு அது போதும், எலி நுழைந்த வழி பாம்புக்கும் வழி. கோழியைக் கூடத்து மூலையில் பஞ்சாரத்தில் கவிழ்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முட்டையும் குஞ்சும் படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லதில்லை, கொட்டகைப் பக்கம் மாற்றுங்கள். ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம். செல்போன் வெளிச்சம் போதாது. ஒரு கையில் போன் பேசிக்கொண்டே நடக்கிறார்கள், அதில் வெளிச்சம் எங்கே போகிறது என்று பார்ப்பதே இல்லை.

வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகவேண்டாம். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்களும் உண்டு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972 பாம்புகளைக் காப்பதும் இருக்கட்டும், நான் சொல்வது உங்கள் கணவரின் கையைப் பற்றி. தூரத்தில் நின்று ஒருவர் அது எங்கே போகிறது என்று கண் வைத்திருக்க, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யட்டும். தீயணைப்பு வீரர்கள் வந்து பிடித்துப் போவார்கள்.

ஜோடிப் பாம்பு பழிவாங்க வரும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்களே, அதற்கு ஒரு வரி: பாம்புக்கு ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும் மூளை கிடையாது. அதே இடத்தில் இன்னொரு பாம்பு வந்தால் முதல் பாம்பு வந்த காரணம் இன்னும் அங்கே இருக்கிறது என்று பொருள்.

எலிக்கு வைக்கும் கரண்ட் யாரைக் கொல்லும்

எலிதான் பாம்பை அழைத்து வருகிறது என்று உங்கள் கணவர் சொல்வது முழுக்கச் சரி. அவர் கண்டுபிடித்த வழிதான் தப்பு. டெல்டா ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் எலிக்கு வைத்த கம்பியில் மனிதர் செத்த கதை ஒன்று சொல்வார். ஈர வரப்பு, வெறுங்கால், இருட்டு. ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வருபவர், மாடு தேடி வருபவர், சில சமயம் கம்பி கட்டியவரே. மோட்டார் லைனிலிருந்து நேரே இழுத்த கம்பியில் கை பட்டால் உதறிவிட்டு விலக முடியாது. தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். எங்களிடம் கொண்டு வரும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

சட்டம் என் துறை இல்லை. ஆனால் இப்படி வேலியில் கரண்ட் விடுவது சட்டவிரோதம் என்பதும், ஆள் செத்தால் விபத்து என்று விட்டுவிடாமல் கொலைக்குச் சமமாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவில் கைது வரை போகிறது என்பதும் பிரேதப் பரிசோதனை அறைக்கு வெளியே நின்றவர்களுக்குத் தெரியும். பக்கத்து வயல்காரர் கம்பி இழுத்திருக்கிறார் என்றால் அந்த வரப்பில் உங்கள் பிள்ளைகள் போகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவரிடம் பேசுங்கள், கேட்கவில்லை என்றால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள். உறவு கெடும் என்று தயங்குவீர்கள். கெடட்டும்.

எலிக்கு டெல்டாவில் இல்லாத வழியா? மூங்கிலில் வில் போல வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி விவசாயக் கல்லூரிப் பாடம் வரை போயிருக்கிறது. கிட்டி வைப்பவர்கள் சாயங்காலம் வயலில் வைத்துக் காலையில் எலியோடு எடுப்பார்கள். எலிக்கு இவ்வளவு என்று கூலி. வரப்பைப் பருமனாக விடாமல் செதுக்கி ஒல்லியாக வைத்தால் வளை தோண்ட இடம் இருக்காது. ஆந்தை உட்கார வயலில் குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளை நட்டு வையுங்கள். ஒரே ஒரு வயலில் பிடித்தால் பக்கத்து வயல் எலி வந்து நிரப்பிவிடும், அதனால் கோடையில், வயல் காய்ந்திருக்கும்போது, தெருவே சேர்ந்து செய்தால்தான் பலன்.

எலி பசை மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்தாகிவிட்டது. பழைய ட்யூப் ஏதாவது பரணில் கிடந்தால் அப்புறப்படுத்துங்கள். அது உள்ளே போனவர் முதல் ஓரிரு நாள் நன்றாகவே இருப்பார், ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்போம். பிறகு கல்லீரல் செயலிழக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வேறு எந்த எலி விஷமானாலும், அதைத் தின்று செத்த எலியை ஆந்தையும் பூனையும் சாரைப் பாம்பும் தின்னும். உங்களுக்காக எலி பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான்.

எலி பற்றிப் பேசும்போதே இன்னொன்று. புரட்டாசியில் வாய்க்கால் வெட்டிய பிறகு கணவருக்கு ஐந்து நாள் காய்ச்சல், கெண்டைக்கால் வலியில் நடக்கவே முடியவில்லை, கண் சிவந்திருந்தது, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சரியானது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எலிக்காய்ச்சலாக இருந்திருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இறங்கும்போது காலில் உள்ள புண், வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகிறது. ஆரம்பத்தில் பிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மாத்திரையிலேயே குணமாகும், விட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் என்று போகும். அடுத்த முறை சேற்றில் வேலை பார்த்த பின் இப்படிக் காய்ச்சல் வந்தால், வயலில் இறங்கியதை டாக்டரிடம் அவரே சொல்லட்டும். நாங்கள் கேட்க மறந்துவிடுவோம்.

மாமியார் எப்படிப் பிழைத்தார்

அவர் பிழைத்தது உண்மை. மந்திரத்தால் பிழைத்தார் என்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. நம்மைக் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை: சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன். விஷப் பாம்பே கடித்தாலும் ஒவ்வொரு கடியிலும் விஷம் இறங்குவதில்லை. இந்த இரண்டு வகையிலும் யார் என்ன செய்தாலும் ஆள் பிழைப்பார். வைத்தியருக்குப் பெயர் கிடைப்பது இவர்களால். சிறியாநங்கை இலை இனித்தால் விஷம், கசந்தால் இல்லை என்று சோதித்தாராமே? பயத்தில் இருப்பவரின் நாக்கை நம்பி ஒரு உயிரை முடிவு செய்ய முடியாது. அங்கே போய்ப் பிழைக்காதவர்கள் திரும்பி வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள்.

இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2000 முதல் 2019 வரைக்குமான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து சேராதவர்களும் நிறைய. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது அதனால்தான்.

கடித்தால் செய்யவேண்டியது கொஞ்சம்தான். ஆளை நடக்க விடாதீர்கள். கடித்த கையையோ காலையோ ஒரு கட்டை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி அசையாமல் வையுங்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் கழற்றுங்கள். வீங்கினால் அவை இறுக்கும். கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டாம், பிளேடால் கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். வாந்தி வந்தால் இடது பக்கமாகப் படுக்க வையுங்கள். 108 கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸ் தாமதமானால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்தாவது கிளம்புங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு வரவேண்டாம். இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது, எது கடித்தது என்று தெரியாமலேயே சிகிச்சை தொடங்கலாம். அதற்கான விஷத்தை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்புகளிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். 1978-இல் தொடங்கிய சங்கம் அது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். விரியன் விஷம் ஏறியிருந்தால் உறையாது. ஒன்றும் இல்லை என்று வந்தாலும் ஒரு நாள் படுக்க வைப்பார்கள். கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு வராதீர்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவு மருந்தா என்றும் பதற வேண்டாம். பாம்பு ஆளின் எடை பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

அடுத்த மழைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா, ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். மூச்சுத் திணறலுக்கு வென்டிலேட்டர் வேண்டும் என்றால் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குத்தான் அனுப்புவார்கள். அப்படி அனுப்பும்போது முதல் டோஸ் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். மந்திரிக்கவே கூடாது என்று சொன்னால் அவர் கடித்ததையே மறைத்துவிடுவார், அது இன்னும் ஆபத்து. "அத்தை, முதலில் ஊசி, அப்புறம் வேப்பிலை" என்று இப்போதே பேசி வையுங்கள். வைத்தியர் ஓதித்தான் ஆகவேண்டும் என்றால் ஆம்புலன்சில் போகும்போது போனில் ஓதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கதண்டு

பையன்களைப் பந்தத்தோடு பனைமரத்துப் பக்கம் விடவே விடாதீர்கள். புகையும் கல்லும்தான் கதண்டைக் கிளப்பும், கிளம்பினால் கூட்டமாகத் துரத்தும். கூட்டைக் கலைப்பதைத் தீயணைப்புத் துறையிடம் விடுங்கள். 101 அல்லது 112. இருட்டிய பிறகு, கதண்டு அடங்கியதும், அதற்கான உடையோடு வந்து அழிப்பார்கள். அதுவரை அந்த வழியே மாடு ஓட்டிப் போகவேண்டாம்.

கொட்டினால் நின்று அடிக்காமல் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். கொட்டிய கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் நிமிஷக் கணக்குதான். அட்ரினலின் ஊசி அருகில் எங்கே இருக்கிறதோ அங்கே ஓடவேண்டும். ஒரே ஆளைப் பத்து இருபது கதண்டு கொட்டியிருந்தால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரியில் சேருங்கள். சிறுநீர் கறுத்துப் போவது, குறைவது எல்லாம் அடுத்த நாள்தான் தெரியும். அப்போது சிறுநீரகம் பாதி பழுதாகியிருக்கும். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவியதோடு விட்டுவிடுவதால் வரும் கேடு இது.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யும்போது கூடு எந்த மரத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு உயரத்தில், வண்டி எதுவரை வரும் என்பதைச் சொல்லுங்கள். அதற்கேற்ற ஏணியும் கம்பும் எடுத்துக்கொண்டு வருவார்கள்.